பூஜ்ஜியம் பெற்றோர் கவனத்திற்கு

பொதுமக்கள் நலன் கருதி ஒன்றை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். நான் வீட்டு வசதித் துறையின் இணையதளப் பிரிவில் வேலை பார்ப்பவன். நீங்கள் விண்ணப்பிக்கப் போனபோது பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்ததே, அது நான் இல்லை, பக்கத்து மேசை. பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் பொத்தான் இல்லாமல் இருந்ததே, அதுதான் நான்.

இணையப் பக்கத்தை இப்போதெல்லாம் யாரும் முழுசாக எழுதுவதில்லை. தலைப்பு ஒரு துண்டு, பெயர் கேட்கும் பெட்டி ஒரு துண்டு, பொத்தான் ஒரு துண்டு என்று தனித்தனியாகச் செய்து அடுக்குகிறோம். எந்தத் துண்டு யாருக்குத் தெரிய வேண்டும் என்று நிபந்தனை போடுவது என் பொறுப்பு. ஓய்வு பெற்றவர் வந்தால் ஓய்வூதிய எண்ணைக் கேள், குடும்பஸ்தர் வந்தால் குடும்பப் பட்டியலைக் காட்டு, ஏற்கெனவே வீடு உள்ளவர் வந்தால் திருப்பி அனுப்பு. வாசலில் நின்றுகொண்டு நீங்கள் இந்தப் பக்கம் போங்கள், நீங்கள் அந்தப் பக்கம் போங்கள் என்று கைகாட்டும் ஆள் இருப்பாரே, அந்த உத்தியோகம்தான்.

சாதாரண மனிதர்கள் இதைப் பத்துப் பதினைந்து வரிகளில் எழுதுவார்கள். நான் ஒரே வரியில் எழுதினேன். 'இருந்தால்' என்பதற்கு ஒரு கேள்விக்குறி, 'இல்லாவிட்டால்' என்பதற்கு ஒரு முக்காற்புள்ளி, அந்த முக்காற்புள்ளிக்குள் இன்னொரு கேள்விக்குறி என்று மொத்தம் பதினோரு கேள்விக்குறிகள். திரையின் வலது ஓரத்தைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது வரி. எழுதி முடித்ததும் எழுந்து நாலடி பின்னால் போய் நின்று பார்த்தேன். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

"இதை வேற யாராவது திருத்தணும்னா எப்படித் திருத்துவாங்க?" என்று கேட்டாள் சோதனைக்காரி. நாங்கள் செய்யும் பக்கங்களைத் தட்டிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிப்பது அவள் வேலை. அதனால் பிரிவில் யாரும் அவளோடு சேர்ந்து சாப்பிடுவதில்லை.

"யாராலயும் திருத்த முடியாது. அதுதான் பாதுகாப்பு" என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பிரிவுத் தலைவர் மூன்று நாள் மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். அவருக்குச் 'சுற்றறிக்கை' என்று பெயர் வைத்திருந்தோம். மாநாட்டுக்குப் போனால் ஒரு வார்த்தையோடு திரும்பி வருவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் 'சுறுசுறுப்பு' வந்தது. தினமும் காலையில் நின்றுகொண்டே கூட்டம் நடத்தினோம். கால்வலிதான் மிச்சம். போன வருஷம் 'மேகம்'. எல்லாவற்றையும் மேகத்தில் ஏற்றிவிட்டு, எது எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறோம். இந்த வருஷம் 'வாசிக்கத்தக்க தன்மை'.

அதையொட்டி அவர் விட்ட சுற்றறிக்கை பின்வருமாறு: "இப்பிரிவில் எழுதப்படும் நிரல்கள் யாவும் வாசிக்கத்தக்கவையாக இருத்தல் வேண்டும் என இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறது. பிரதி திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு அனைத்து ஊழியர்களும் கூடி, நிரல்களை உரக்க வாசித்து, வாசிக்கத்தக்கவையே எனக் கையொப்பமிட வேண்டியது."

முதல் திங்கள்கிழமை என் வரி வந்தது. ஆளுக்கொரு துண்டாக வாசித்தோம். நாலாவது கேள்விக்குறியில் கணக்கர் தண்ணீர் கேட்டார். ஏழாவதில் பக்கத்து மேசைக்காரர், தான் 'இருந்தால்' பக்கத்தில் இருக்கிறாரா 'இல்லாவிட்டால்' பக்கத்தில் இருக்கிறாரா என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். மீதியைத் தலைவரே வாசித்து முடித்தார். நெற்றி முழுக்க வியர்வை.

"பிரமாதம். வாசிச்சாச்சு. எல்லாரும் கையெழுத்துப் போடுங்க" என்றார்.

"சார், வாசிச்சோம். ஆனா யாருக்குமே புரியலையே?" என்றாள் சோதனைக்காரி.

தலைவர் சுற்றறிக்கையைக் கையில் எடுத்து ஒருமுறை முழுசாகப் பார்த்தார். "வாசிக்கணும்னுதாம்மா இதுல இருக்கு. புரியணும்னு எங்கே இருக்கு?"

அப்படி ஒன்பது கையொப்பங்களோடு என் வரி அங்கீகரிக்கப்பட்டது. பத்தாவது கையொப்பம் சோதனைக்காரியுடையது. அவள் போடவில்லை. அவள் இடத்தில் 'விடுப்பு' என்று எழுதிக்கொண்டோம்.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். தனி ஆள். பதினாறு வருஷமாக ஒரே வாடகை வீட்டில் இருந்தாள். வீட்டுக்காரர் தன் மகளைக் குடிவைக்கப் போவதாகச் சொல்லி, மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். அந்தச் சமயம் பார்த்து எங்கள் துறை தனிநபர்களுக்கென்று நாற்பது வீடுகளை அறிவித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நடக்கிற தூரம், தரைத்தளம், நல்ல வெளிச்சம். முதலில் வருபவருக்கு முதலில். அக்கா ஜன்னல் திரைக்கு அளவு எடுக்காத குறைதான்.

விண்ணப்பம் திறந்த அன்று பத்தே காலுக்கு எனக்கு போன் வந்தது.

"டேய், உன் பக்கம் எனக்கு ஜீரோ போட்டிருக்குடா."

"என்ன ஜீரோ?"

"பேரு, வயசு, வேலை எல்லாம் கேட்டுச்சு. 'உங்களைச் சார்ந்திருப்போர் எத்தனை பேர்'னு கேட்டுச்சு. யாரும் இல்லைன்னு ஜீரோ போட்டேன். உடனே பக்கம் மொத்தமும் வெள்ளையாயிடுச்சு. நடுவுல ஒரே ஒரு ஜீரோ. பொத்தானும் இல்லை, ஒண்ணும் இல்லை. மார்க் போட்ட மாதிரி இருக்கு."

"எங்க பக்கத்துல தப்பு வராதுக்கா. ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம். நீ எதையாவது தப்பா அமுக்கியிருப்பே."

போனை வைத்துவிட்டு நானும் பூஜ்ஜியம் போட்டுப் பார்த்தேன். பக்கம் வெள்ளையானது. நடுவில் ஒரு பூஜ்ஜியம் என்னைப் பார்த்தது.

விஷயம் இதுதான். ஒன்பதாவது கேள்விக்குறிக்கும் பத்தாவதுக்கும் நடுவில், இடம் மிச்சம் பிடிப்பதற்காக ஒரு குறுக்குவழி போட்டிருந்தேன். 'சார்ந்திருப்போர் எண்ணிக்கை' என்று எழுதி, பக்கத்தில் இரண்டு 'அண்ட்' குறி போட்டு, 'குடும்பப் பட்டியலும் பொத்தானும்' என்று முடித்திருந்தேன். எண்ணிக்கை இருந்தால் பட்டியலும் பொத்தானும் வரும். இல்லாவிட்டால் இயந்திரம் வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கும் என்று நினைத்தேன். அது சும்மா இருக்கவில்லை. எண்ணிக்கை பூஜ்ஜியம் என்றால் அந்தப் பூஜ்ஜியத்தையே எடுத்துத் திரையில் வைத்துவிட்டது. இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் எல்லாரும் செய்து, எல்லாரும் வெட்கப்பட்டு, பிறகு செய்யாமல் இருக்கும் தவறு. நான் பன்னிரண்டாவது வருஷத்தில் செய்திருந்தேன்.

அக்காவுக்குத் திரும்ப போன் செய்தேன். "அந்தப் பக்கத்தை மூடிடு. ஜீரோவை யார்கிட்டயும் காட்டாதே. ரெண்டு நாள்ல நானே சரி பண்ணிடறேன்."

"முதல்ல வர்றவங்களுக்குத்தானாமே வீடு? நேரா ஆபீசுக்கே போய்க் கேட்டுட்டு வந்துடட்டுமா?"

"என்னை நம்பு அக்கா."

அவள் என்னை நம்பினாள்.

மறுநாள் தலைவர் அறைக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மனு வாங்கும் நான்காம் கவுண்டர் குமாஸ்தாவிடமிருந்து குறிப்பு வந்திருந்தது. இருபத்து மூன்று பேர் பூஜ்ஜியத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து நிற்கிறார்கள், இதற்கு என்ன பொருள், என்ன முத்திரை குத்துவது என்று கேட்டிருந்தார்.

தலைவர் என்னைப் பார்த்தார். சோதனைக்காரியும் பார்த்தாள். 'சார், அது என் தப்பு' என்று சொல்ல நாலு வார்த்தை போதும். வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து வந்தது வேறு.

"அது ஒரு இடைநிலைத் தகுதி சார்."

"அப்படின்னா?"

"அதாவது... தகுதி இல்லைன்னு சொல்ல முடியாது. இருக்குன்னும் சொல்ல முடியாது. ரெண்டுக்கும் நடுவுல."

தலைவர் முகம் மலர்ந்தது. முப்பது வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு அலுவலகத்தனமான ஒரு விஷயத்தை அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது.

"பூஜ்ஜியம் பெற்றோர் கவனத்திற்கு. தங்கள் விண்ணப்பத்தில் பூஜ்ஜியம் தோன்றப்பெற்றவர்கள் இடைநிலைத் தகுதி உடையோராகக் கருதப்படுவர். மேற்படியார் பூஜ்ஜியத்தின் அச்சுப்படியைச் சான்றொப்பத்துடன் நான்காம் கவுண்டரில் சமர்ப்பித்து, பூஜ்ஜியப் பதிவேட்டில் பதிவு செய்துகொள்ள வேண்டியது. சான்றொப்பம் முப்பது நாட்களுக்குச் செல்லுபடியாகும். தனிநபர் வீடுகள் மேற்படிப் பதிவேட்டின் வரிசைப்படி மட்டுமே ஒதுக்கப்படும்."

கடைசி வாக்கியத்தை வாசித்தபோது அக்கா ஞாபகம் வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. எப்படியும் சரி செய்துவிடப் போகிறேனே, சரி செய்துவிட்டால் பூஜ்ஜியமே வராது, பூஜ்ஜியம் வராவிட்டால் பதிவேடு எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பூஜ்ஜியத்துக்கு மவுசு ஏற இரண்டே நாள் ஆனது. குடும்பம் உள்ளவர்கள் ஒவ்வொரு உறுப்பினருக்கும் புகைப்படம், பிறப்புச் சான்றிதழ், முகவரிச் சான்று எல்லாம் ஏற்ற வேண்டும். பூஜ்ஜியத்துக்கு ஒரே ஒரு தாள். விவரம் தெரிந்தவர்கள் மனைவி மக்களை ஒதுக்கி வைத்துவிட்டுப் பூஜ்ஜியம் போட்டார்கள். எங்கள் அலுவலகத்துக்கு எதிரே இருந்த நகலெடுக்கும் கடையில் 'இங்கு நல்ல முறையில் பூஜ்ஜியம் எடுத்துத் தரப்படும், வண்ணத்திலும் கிடைக்கும்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். வியாழக்கிழமை அங்கே போயிருந்தபோது, ஒருவர் இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தையோடு நின்றுகொண்டிருந்தார்.

"சார்ந்திருப்போர் எத்தனை சார்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"யாரும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு, அழுத குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார் அவர்.

வெள்ளிக்கிழமை மதியம் நான் அந்த ஒற்றை வரியைப் பிரித்தேன். சொந்தக் கையால் கட்டிய வீட்டை இடிப்பது போலத்தான் இருந்தது. ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு பெயர் வைத்தேன். 'தனி ஆளா?' 'குடும்பம் இருக்கிறதா?' 'ஏற்கெனவே வீடு இருக்கிறதா?' ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி. ஏற்கெனவே வீடு இருந்தால் அதைச் சொல்லித் திருப்பி அனுப்பு. தனி ஆள் என்றால் பட்டியல் வேண்டாம், பொத்தானை மட்டும் காட்டு. மேலிருந்து கீழே யார் வாசித்தாலும் புரிந்தது. எனக்கே புரிந்தது. இவ்வளவு எளிதான வேலைக்கா என்னைப் பன்னிரண்டு வருஷமாக வைத்திருக்கிறார்கள் என்று பயமாகவும் இருந்தது. அதனால் யாரிடமும் சொல்லாமல் வெளியிட்டேன்.

சனிக்கிழமை அக்கா விண்ணப்பித்தாள். பொத்தான் வந்தது. அமுக்கினாள். 'தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது' என்று வந்ததாம்.

"பரவாயில்லையேடா, உனக்கும் வேலை தெரியுது" என்றாள். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

திங்கள்கிழமை பத்து மணிக்கு என் புதிய வரிகள் வாசிப்புக்கு வந்தன. கணக்கர் தண்ணீர் கேட்காமல் வாசித்தார். பக்கத்து மேசைக்காரர் வாசித்துக்கொண்டே தலையாட்டினார். அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வாசித்தது அத்தனை பேருக்கும் புரிந்திருந்தது. எங்கள் பிரிவில் அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. அதுதான் வினையாகப் போயிற்று.

"தனி ஆள்னா பொத்தான் மட்டும்" என்று தலைவர் மெதுவாகச் சொன்னார். "அப்போ பூஜ்ஜியம் எங்கே?"

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"பூஜ்ஜியத்தை யார் எடுத்தது?"

சோதனைக்காரி என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை, சும்மா பார்த்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் சார். அது பிழை சார். ஆரம்பத்துலருந்தே பிழைதான். இடைநிலைத் தகுதின்னு ஒண்ணு கிடையாது. நான் சும்மா சொன்னேன்."

தலைவர் கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினோம்.

"தம்பி, பிழைன்னா அது யாரோட பிழை? சுற்றறிக்கையில யார் கையெழுத்து இருக்கு?"

"உங்களோடது சார்."

"நான் பிழைக்குக் கையெழுத்துப் போடுவேனா?"

"போட மாட்டீங்க சார்."

"அப்போ அது பிழையா?"

"இல்லை சார்."

"நிரலுக்கு ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம். ஒன்பது பேரும் முட்டாளா?"

ஒன்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இல்லை என்று ஒருமனதாக முடிவாயிற்று.

அன்றைய நடவடிக்கைக் குறிப்பு இப்படி முடிந்தது: "முறையாக அறிவிக்கப்பட்ட பூஜ்ஜியம் உடனடியாக மீட்டமைக்கப்பட வேண்டும். பூஜ்ஜியம் இல்லாத காலத்தில் பெறப்பட்ட தனிநபர் விண்ணப்பங்கள் பூஜ்ஜியம் இன்மையால் செல்லாதவை."

உத்தரவுப்படி எழுதினேன். முன்பு தவறுதலாக வந்த பூஜ்ஜியத்தை இப்போது வேண்டுமென்றே வரவழைக்க வேண்டும். புதிய வரிகளுக்கு நடுவில் எழுதினேன்: 'தனி ஆள் என்றால், பூஜ்ஜியத்தைக் காட்டு. வேறு எதையும் காட்டாதே.' மறுவாசிப்பில் இது எல்லாருக்கும் புரிந்தது. அந்த ஆண்டின் மிகவும் வாசிக்கத்தக்க நிரலுக்கான கேடயம் எனக்கு வழங்கப்பட்டது. தலைவர் தன் கையாலேயே கொடுத்தார்.

அக்கா ஆஸ்பத்திரியில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, புதிய பூஜ்ஜியத்தோடு நான்காம் கவுண்டருக்குப் போனாள். அவள் எண் அறுபத்தொன்று. வீடுகள் நாற்பது. முதல் நாள் கையில் இருந்த பூஜ்ஜியத்தோடு நேராகப் போயிருந்தால் முதல் பத்துக்குள் வந்திருப்பாள். நான்தான் மூடச் சொன்னேன். நாற்பது வீடுகளுக்கும் ஆள் வந்துவிட்டார்கள். இடுப்பில் குழந்தையோடு நின்றவருக்கு ஏழாம் எண் வீடு கிடைத்ததாகக் கேள்வி. தனி ஆட்களுக்கான அந்தக் குடியிருப்பில் மாலை நேரத்தில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்கிறது என்கிறாள் அக்கா.

மாதக் கடைசியில் அவள் சாமான்களோடு என் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தாள். என் மனைவி கட்டிலை நகர்த்தி இடம் செய்து கொடுத்தாள். கேடயம் அந்தச் சுவரில்தான் மாட்டியிருக்கிறது. கழற்றி உள்ளே வைக்கப் போனேன்.

"இருக்கட்டும்டா. காலையில எழுந்ததும் பார்க்க ஏதாவது வேணுமே" என்றாள் அக்கா.

அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். திட்டவில்லை. காத்திருப்போர் பட்டியலில் பெயர் நிற்க வேண்டுமானால் முப்பது நாளுக்கு ஒருமுறை பூஜ்ஜியத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்காக மாதம் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் வரிசையில் நிற்கிறாள்.

இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் வருஷக் கடைசியில் ஊழியர் மதிப்பீடு வந்தது. பதவி உயர்வு வேண்டுவோர் இணையத்தில் நிரப்ப வேண்டிய படிவம். செய்யும் பொறுப்பு எனக்கு. அவகாசம் இரண்டு நாள். அவசரத்துக்கு, ஆசையாக எடுத்து வைத்திருந்த பழைய வரியையே கொண்டுவந்து போட்டேன். பதினோரு கேள்விக்குறிகளும் அப்படியே. கேள்வியை மட்டும் மாற்றினேன். 'சார்ந்திருப்போர் எண்ணிக்கை' இருந்த இடத்தில், தலைவர் எழுதிக் கொடுத்தபடி, 'இந்த ஆண்டு தங்களால் நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை'. வாசிப்பில் யாருக்கும் புரியவில்லை. உடனே அங்கீகரித்தார்கள்.

கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து என் படிவத்தை நிரப்பினேன். பெயர், பதவி, பணிக்காலம். பிழைகளின் எண்ணிக்கை கேட்டது. யோசிக்கவே இல்லை, பூஜ்ஜியம் போட்டேன். பக்கம் வெள்ளையானது. நடுவில் ஒரு பூஜ்ஜியம். பொத்தான் இல்லை.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அக்கா ரொம்ப நேரம் சிரித்தாள். வீடு மாறி வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"பின்னாடி போய் ஒண்ணுன்னு போடு. பொத்தான் வரும்" என்றாள்.

எனக்கும் தெரியும். ஒன்று என்று போட்டால் பட்டியல் வரும், பொத்தான் வரும், 'பிழையின் விவரம்' என்று ஒரு பெட்டியும் வரும். அதில் என்ன எழுத வேண்டும் என்பதும் தெரியும். பின்னால் போனேன். ஒன்றின் மேல் விரலை வைத்தேன். அலுவலகம் கண்முன்னால் வந்தது. எடுத்துவிட்டேன்.

"ஆபீஸ்ல போய்ப் பார்த்துக்கறேன்" என்றேன்.

"பார்த்துக்கோ" என்றாள். "நாளைக்கு நானும் அங்கேதான் வர்றேன். எனக்குப் புதுப்பிக்கிற நாள்."

காலையில் அலுவலகம் போனால் மேசைகள் எல்லாம் காலி. சோதனைக்காரி மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் பதினான்கு என்று போட்டு, பதினான்கையும் விவரமாக எழுதி, பொத்தானை அமுக்கி, முதல் நாளே வேலையை முடித்துவிட்டிருந்தாள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

நான்காம் கவுண்டரிலிருந்து வரிசை வாசல்வரை வந்திருந்தது. தலைவர், கணக்கர், பக்கத்து மேசைக்காரர், மாடியில் இருக்கும் பெரிய அதிகாரிகள், எல்லார் கையிலும் ஒரு தாள். சிலருடையது வண்ணத்தில் இருந்தது. படிவம் கெட்டுப்போயிருக்கிறது என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. சொன்னால் யார் கெடுத்தது என்று கேள்வி வரும். நானும் எதிர்க்கடையில் ஒரு பூஜ்ஜியம் எடுத்துக்கொண்டு வந்து கடைசியில் நின்றேன்.

வரிசையின் முதல் ஆளாக அக்கா நின்றாள். விடிந்ததுமே வந்துவிட்டாளாம். குமாஸ்தா அவள் தாளில் முத்திரை குத்திவிட்டுத் தலையைத் தூக்கி வரிசையைப் பார்த்தார்.

"என்னம்மா இது, இன்னைக்கு இவ்வளவு கூட்டம்? யாரு இவங்கெல்லாம்?"

அக்கா தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே திரும்பி எங்களைப் பார்த்தாள்.

"எல்லாம் உங்க ஆளுங்கதான் சார்" என்றாள். "ஒரு தப்பும் பண்ணாதவங்க."